திரும்பி வந்த கடுதாசி வள்ளம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. கடையைத் திறந்து கூட்டிக்கொண்டு நிற்கிறேன், போன் அடிக்கிறது. மெற்றில்டா — முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் ஒரு பெண்.

"அண்ணை, அந்த வள்ளம் திரும்பி வந்திட்டுது" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்த வள்ளம், கடுதாசி வள்ளம் — காகிதத்தில் செய்த சின்னப் படகு. நானும் நண்பர் பழனிவேலும் செய்து கொடுத்தது. கடலில் விட்டால் நனைந்து, ஊறி, இல்லாமல் போகவேண்டும் — அதற்காகவே செய்தது. அது எப்படித் திரும்பி வரும்?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் இருவரையும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குக் கிளிநொச்சியில் ஒரு சின்ன அச்சுக்கடை. போட்டோக்கொப்பி, கலியாணக் காட், மரண அறிவித்தல். பழனிவேல் துணுக்காயிலிருந்து பஸ் ஓட்டுகிறவர். தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் இங்கேதான் பிறந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் — மட்டை மொடல். பிறிஸ்டல் போட்டை வெட்டி, மடித்து, ஒட்டி, பஸ், ரயில், கோயில், வீடு என்று சின்னதாகச் செய்து கண்ணாடி அலுமாரியில் வைப்பது. இந்த வயதில் இதென்ன விளையாட்டு என்று என் மனைவி கேட்பதை நிறுத்திக் கனகாலம்.

பைத்தியம் ஒன்றுதான். கட்சி இரண்டு.

பழனிவேலுக்குக் கடுதாசியைத் தவிர வேறொன்றும் ஆகாது. பளை ஸ்டேசனைச் செய்தபோது தண்டவாளத்தைக்கூடக் கடுதாசியை நீளமாக வெட்டி, மடித்து மடித்து ஒட்டித்தான் செய்தார். கம்பம் வேண்டுமா? கடுதாசியைத் தையல் ஊசியில் சுற்றி உருட்டுவார். கயிறா? கடுதாசியையே முறுக்குவார். நானோ கிடைத்ததைப் போடுகிற ஆள். கம்பத்துக்கு ஈர்க்கு. கயிற்றுக்கு நூல். பஸ் கண்ணாடிக்குப் புதுச் சேட் மடித்து வரும் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டிய பிளாஸ்ரிக். கண்ணாடி மாதிரியே ஒரு சாமான் கையில் இருக்கும்போது, நீலம் பூசின கடுதாசியை வைத்து ஏன் ஆட்களை ஏமாற்றவேண்டும்?

"வேற சாமான் சேர்த்தால் அது மொடல் இல்லை அண்ணை. ஒட்டுவேலை" என்பார்.

"நீர் ஓடுற பஸ்ஸும் ஒட்டுவேலைதானே. இரும்பு, ரப்பர், சாக்கு, கயிறு எல்லாம் கிடக்கு."

"அதுதான் பாதி வழியில நிக்குது."

இப்படி வருடக்கணக்காகச் சண்டை. வாசகர்களில் பாதிப்பேர் அவர் பக்கம், பாதிப்பேர் என் பக்கம். சந்தையில் மீன் வாங்கப் போனால்கூட "என்ன, இன்னும் ஈர்க்குத்தானோ?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இந்தச் சண்டையின் நடுவில்தான் மெற்றில்டா கடைக்குள் வந்தார்.

ஆண்டு நினைவு அட்டை அடிக்க வந்தவர். கணவர் அமலதாஸ், கடற்றொழில். போன வருடம் வாடைக்காற்றுத் தொடங்கின நேரம் தனியாகத் தொழிலுக்குப் போனவர் வரவில்லை. வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. ஆள் இல்லை. ஊரிலுள்ள வள்ளமெல்லாம் போய்த் தேடிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை.

முல்லைத்தீவில் அச்சுக்கடை இல்லையா, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அங்க அடிச்சால் மாமிக்குக் கதை போயிடும் அண்ணை. நான் ஆறுதலாச் சொல்லவேணும்" என்றார்.

மாமி என்றால் அமலதாஸின் தாய். அவருடைய மூத்த மகன் கடைசிச் சண்டையின்போது காணாமற்போனவர். அந்தத் தாய் இன்றைக்கும் மூத்தவரின் படத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றத் தாய்மாரோடு றோட்டோரப் போராட்டப் பந்தலில் போய் இருக்கிறார். இப்போது இளையவரும் இல்லை. 'இறந்த திகதி' என்று அச்சில் கண்டால் அந்த மனுசி என்ன செய்வார்? மெற்றில்டாவுக்கு அதுதான் பயம்.

"மூத்தவருக்குக் காத்திருக்கிறது நியாயம் அண்ணை. அவரை ஆக்கள் கொண்டுபோனவை. கொண்டுபோன ஆக்களிட்டக் கேக்கலாம். கடலிட்டப் போய் என்னண்டு கேக்கிறது?"

கதிரையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவரே தொடர்ந்து சொன்னார். அமலதாஸ் போனபிறகு அவருடைய சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தனவாம். முதலில் வள்ளம். பிறகு மண்ணெண்ணெய்க் கான். பிறகு ஒரு செருப்பு. சாப்பாட்டுக் கரியரின் மூடி. அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. ஒதுங்குகிற சாமான் யாருடையது என்று தெரிந்தால், அதை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்காமல் விடமாட்டார்கள். கடல் கொண்டுபோனவனுடைய சாமான் அடுத்தவன் வீட்டில் கிடக்கக்கூடாது என்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் யாராவது வாசலில் வந்து நின்று "அக்கா, இது அமலண்ணையின்ரயோ?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், மாமி எழுந்து குசினிக்குப் போய், மகனுடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி, சோறு போட்டு மூடி மேசையில் வைப்பாராம். சாமான் வந்தால் ஆளும் பின்னால் வருவான் என்று. அன்றிலிருந்து பல நாளைக்கு அந்தக் கோப்பை மேசையில் இருக்கும். இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறதாம்.

"வாறதெல்லாம் வந்திட்டுது. இனி ஒண்டும் வரக்கூடாது அண்ணை. மாமியை நினைச்சு மட்டும் சொல்லேல்லை. நானும் வாசலில ஆள் நிண்டால் எழும்பிப் பாக்கிறன்."

பிறகு கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். பழனிவேலின் பஸ்ஸை, ஸ்டேசனை, தேவாலயத்தை. நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். சேமக்காலையில் கணவருக்கு ஒரு குழி இல்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுதிரியோடு போகும்போது இவர் எங்கே போவது? அதனால் அமலதாஸின் வள்ளத்தைப் போலவே ஒன்று செய்து தரவேண்டும். ஆண்டுப் பூசை முடிய அதைக் கடலில் விடவேண்டும். மாமி கண்ணால் பார்க்கவேண்டும்.

"ஆனால் கடுதாசியில மட்டும் செய்யுங்கோ. தங்கூசி நூல், ஈர்க்கு, றெஜிபோம் மட்டை ஒண்டும் வேண்டாம். மிதக்கிற சாமான் எல்லாத்தையும் வாடைக்காத்து கரைக்குத் தள்ளிப்போடும்."

பழனிவேல் அன்றைக்குக் கடையில்தான் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு நாளென்றால் அந்தப் பார்வையில் ஒரு நக்கல் இருந்திருக்கும். அன்றைக்கு இல்லை. "நான் செய்யிறன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

லீவு எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போய், மீன்வாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தை அளந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு வேலைதான். பெருவிரல் அளவில் ஒரு என்ஜின். கடுதாசியைப் பிளேட்டால் கீறி விரித்து ஒரு வலை. வலையில் மிதவைகள்கூடக் கடுதாசி உருண்டைகள். முன்னணியத்தில் வள்ளத்தின் பெயரை நான் என் மெசினில் அச்சடித்துக் கொடுத்தேன் — 'சமுத்திர ராணி'. முடிந்து கொண்டுவந்தபோது சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை.

"சரி, இந்த முறை நான் தோத்தன்" என்றேன். அவர் சிரிக்காமல் பெட்டியை மூடினார்.

பூசைக்கு நாங்கள் இருவரும் போனோம். மாமியும் வந்திருந்தார். சுவாமியார் பலமுறை வீட்டுக்குப் போய்க் கதைத்தபிறகுதான் வரச் சம்மதித்தாராம். பூசை முடிய எல்லாரும் கரைக்கு நடந்தோம். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. அயல்வீட்டு சூசை தன் வள்ளத்தில் மெற்றில்டாவை ஏற்றிக்கொண்டு அலை உடைகிற இடத்துக்கு அப்பால் போனார். அங்கேதான் கடுதாசி வள்ளத்தை இறக்கினார்கள். எங்களுக்குத் தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிந்தது.

விட்டபிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது என்று மெற்றில்டா திரும்பிப் பார்க்காமலே வந்துவிட்டார். சுடலைக்குப் போனால் நாங்களும் அப்படித்தானே செய்கிறோம்?

"முடிஞ்சுதே?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி. போயிட்டுது."

மாமி மணலில் குந்தி இருந்து அழுதார். வருடம் முழுக்க அழாத மனுசி என்று பக்கத்தில் நின்ற பெண்கள் சொன்னார்கள். பார்க்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அடுத்தநாள் மெற்றில்டா போன் எடுத்தார். கோப்பையை மாமியே கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். நான் அன்று பின்னேரம் பழனிவேலுக்கு ரீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு கிழமை போனது. பிறகுதான் அந்தச் சனிக்கிழமைப் போன்.

கரைவலை இழுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வலையோடு வந்து மணலில் கிடந்திருக்கிறது. என்ஜின் இல்லை, கடுதாசி வலை இல்லை. வள்ளம் மட்டும் முழுசாக இருக்கிறது. பெயர் அப்படியே வாசிக்கக்கூடிய மாதிரி இருக்கிறது. யாருடைய வள்ளம் என்று ஊருக்கே தெரியும். பிறகென்ன? நல்ல மனுசர், வழக்கம்போல வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். மெற்றில்டா அப்போது சந்தையில். வாங்கியது மாமி.

பழனிவேல் மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"கடுதாசி எப்பிடி ஒரு கிழமை கடலில கிடக்கும்?" என்றேன்.

கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். பிறகு, "வார்னிஷ் பூசினனான்" என்றார். "உள்ளுக்குள்ளயும் வெளியாலயும். மினுங்காத வார்னிஷ்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "கடுதாசி கடுதாசி எண்டு வருசக்கணக்காக் கத்தின ஆள் நீர். ஒரு ஈர்க்கு வைக்க விட்டனீரோ? அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னது, வேற ஒண்டும் வேண்டாம் எண்டு. அதில கொண்டுபோய் ஏன் பூசினீர்?"

பழனிவேலுக்கு மனம் கலங்கினால் எங்கள் தமிழ் போய்விடும், தாயின் தோட்டத்துத் தமிழ் வந்துவிடும். "முத அலையிலயே கிழிஞ்சி போச்சின்னா அந்தம்மா எப்பிடிண்ணே தாங்கும்? பெத்தவங்க பாத்துக்கிட்டு நிக்கையில? கொஞ்ச தூரமாச்சும் போகட்டும், பொறவு கரையட்டும்னு நெனச்சேன்..."

என் கோபம் இறங்கிவிட்டது. வருடக்கணக்காக ஈர்க்குக்கு இடம் கொடுக்காத மனுசன், இரக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்.

அடுத்தநாள் ஞாயிறு. இருவரும் போனோம். வீட்டுக்குள் போனதும் கண்ணில் பட்டது அதுதான். அலுமாரிக்கு மேலே, அமலதாஸின் படத்துக்குப் பக்கத்தில் வள்ளம். மேசையில் ஒரு கோப்பை, மூடியபடி. மாமி எங்களைக் கண்டு சந்தோசப்பட்டார்.

"வாங்கோ தம்பிமார், இருங்கோ. வள்ளம் வந்திட்டுது, பாத்தனீங்களோ?"

பழனிவேல் கதிரையில் இருக்கவில்லை. மாமியின் காலடியில், நிலத்தில் இருந்தார். "அம்மா, அது கடல் திருப்பித் தந்ததில்லை. நான் வார்னிஷ் பூசினனான். அதாலதான் கரையேல்லை. பிழை என்ர" என்றார்.

மாமி அவரை ஆறுதலாகப் பார்த்தார்.

"மணத்துது தம்பி. நான் வள்ளத்துக்குள்ள வளந்தவள், எனக்கு வார்னிஷ் மணம் தெரியாதே?"

"அப்ப..."

"வார்னிஷ் அடிச்ச வள்ளமெல்லாம் கரைக்கு வருதோ? எத்தினை வள்ளம் போய் வராமலே விட்டது. இது வந்தது." வள்ளத்தை நிமிர்ந்து பார்த்து, "மூத்தவன்ர சாமான் ஒண்டுகூட இண்டைவரைக்கும் வரேல்லை. இவன்ர எல்லாம் வருது. இவன் கிட்டத்தான் எங்கயோ நிக்கிறான்" என்றார்.

பழனிவேல் தலையைக் குனிந்துகொண்டார். குசினி வாசலில் மெற்றில்டா நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்த வீட்டில் இனி இரண்டு மகன்களுக்கும் சேர்த்துக் காத்திருப்பு. ஒருவரின் காத்திருப்பு மற்றவருக்கும் தொற்றும். மெற்றில்டாவுக்கு நாற்பது வயதுகூட இல்லை.

மெற்றில்டா படலை வரை வந்து வழியனுப்பினார். "அண்ணை, இன்னொண்டு செய்து தாங்கோ" என்றார். பிறகு, "நீங்கள் செய்யுங்கோ." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பழனிவேல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

நான் செய்தேன். யார்? ஈர்க்குக்காரன். நூல்காரன். பிளாஸ்ரிக்குக்காரன்.

பிறிஸ்டல் போட்டைத் தொடவில்லை. அது ஊற நேரம் எடுக்கும். போட்டோக்கொப்பிக் கடுதாசியிலேயே வெட்டினேன். கம் போத்திலையும் தூக்கி வைத்துவிட்டேன். காய்ந்தால் அதுவும் ஒரு பிளாஸ்ரிக்தான். கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். பெயரை மெசினில் அடிக்காமல் மைப் பேனாவால் எழுதினேன், தண்ணீர் பட்டதும் போய்விடட்டும் என்று. இடையில் வள்ளம் வளைந்து போனது. கை தன்பாட்டில் ஈர்க்குக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

பழனிவேல் ஒருநாள் எட்டிப் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை. "மடிப்பை நகத்தால அழுத்துங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழுத்தினேன். அப்படியும் வடிவில்லாத வள்ளம்தான். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் சுத்தக் கடுதாசி மொடல் அது.

இந்த முறை பூசை இல்லை. சூசையின் வள்ளமும் இல்லை. மாமியைக் கூப்பிட்டதற்கு, தனக்குச் சமையல் இருக்கிறது என்றாராம். மெற்றில்டாவும் நாங்கள் இருவரும் மட்டும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவரே விட்டார். இந்த முறை திரும்பிப் பார்க்காமல் வரவில்லை. நின்று பார்த்தார்.

ஒரு அலை வந்தது, வள்ளம் சரிந்தது. அடுத்த அலையில் பசை விட்டு விரிந்து வெறும் தாளாகப் போனது. மை கொஞ்சம் நீலமாகக் கலங்கியது. பிறகு வெள்ளைத் துண்டுகள். பிறகு அதுவும் இல்லை. மெற்றில்டா கையால் தண்ணீரைத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை போல. முகத்தைக் கழுவிக்கொண்டு கரையேறினார். பழனிவேல் கரையோரக் கோயில் மதிலோடு ஒட்டி நின்று அழுதார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மெற்றில்டா விடவில்லை. வீட்டுக்கு வந்தோம். மாமி மீன் குழம்பு வைத்திருந்தார். மேசையில் எங்களுக்குக் கோப்பைகள். ஒரு ஓரத்தில் அந்தக் கோப்பை, மூடியபடி.

மெற்றில்டா நனைந்த சீலையோடே வந்து கதிரையில் இருந்தார். அமலதாஸின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். சாப்பிடத் தொடங்கினார்.

நாங்கள் இருவரும் எங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெற்றில்டா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து இருந்தார்.

மாமி எழுந்தார். மெதுவாகக் குசினிக்குப் போனார். இன்னொரு கோப்பையை எடுத்துக் கழுவும் சத்தம் கேட்டது. சோறு போட்டு, மீனில் ஒரு நடுத்துண்டு வைத்து, மூடிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்.

கடுதாசி மட்டுமா, கலந்து செய்வதா என்று எனக்கு எழுதிக் கேட்கிற வாசகர்களுக்கு: அந்தச் சண்டையை நாங்கள் விட்டுவிட்டோம். பழனிவேல் இப்போது மொடலே செய்வதில்லை. நான் கேட்பதுமில்லை.

முதல் வள்ளம் இன்னும் அந்த அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. நல்ல வார்னிஷ்... கனகாலம் கிடக்கும்.